தண்டவாளத் துண்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில், எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில், இரண்டு கம்பங்களின் மேல் வைத்த குறுக்குக் கட்டையிலிருந்து ஒரு முழ நீளமுள்ள தண்டவாளத் துண்டு கம்பியில் கட்டித் தொங்குகிறது. மெல்போர்னின் கிழக்குப் புறநகரில், மரவேலியும் புல்தரையும் துணி உலர்த்தும் கொடியும் உள்ள ஒரு சாதாரணக் கொல்லையில் இப்படி ஒரு வஸ்து எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கேட்காதவன் என் பேரன் ஒருவன்தான். ஒவ்வொரு வாரமும் வந்ததும் வராததுமாக, அருகில் சாத்தியிருக்கும் சிறு சுத்தியலை எடுத்து அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஊசி ஊசியாகத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் அடுக்களையில் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றேன். அந்த நாதம் ஈரக்காற்றில் கணீரென்று எழுந்து, அலை அலையாக நீண்டு அடங்கியபோது, அறுபது வருஷங்கள் ஒரு க்ஷணத்தில் பின்னே சுருண்டுகொள்ள, பகவதிபுரத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் புகைபடிந்த அடுப்பங்கரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருந்தேன்.

செங்கோட்டையிலிருந்து மேற்கே மலையைப் பார்த்துப் போகும் ரயில் பாதையில், ஆரியங்காவுக் கணவாயின் வாசற்படி போல அமைந்தது பகவதிபுரம். அதைத் தாண்டினால் குகை. குகையைத் தாண்டினால் மலையாளம். 1904-ஆம் வருஷம் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மீட்டர்கேஜ் வண்டி ஓடத் தொடங்கியபோது செங்கோட்டையே திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1956-இல்தான் அது சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ஆகவே எங்கள் வீட்டில் தமிழும், அடுத்த வீட்டில் மலையாளமும், ஸ்டேஷனில் இரண்டும் கலந்த ஒரு பாஷையும் வழங்கின. ஆனி ஆடி மாதங்களில் குற்றாலத்துச் சாரல் எங்கள் வாசலுக்கும் வரும். துவைத்துப்போட்ட வேஷ்டி மூன்று நாளானாலும் உலராது. தீப்பெட்டியை அம்மா அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றுவாள்.

அப்பாவுக்கு அந்த மலைப்பாதையில் கீமேன் உத்தியோகம். பொழுது விடியுமுன்பே, தோளில் சுத்தியலும் ஸ்பானரும், இடுப்பில் சுருட்டிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியுமாகப் புறப்பட்டு, தமக்கென்று விதிக்கப்பட்ட மைல்களை, தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை கட்டையாக நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவார். தளர்ந்த ஆணியை அடித்து இறுக்குவது, கழன்ற போல்ட்டைத் திருகுவது, பாறை ஏதாவது உருண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது, வண்டியை நிறுத்தவேண்டி வந்தால் நிறுத்துவது, இவைதாம் அவர் வேலை. தட்டிய இடம் ‘கிண்’ணென்றால் நலம்; ‘பொத்’தென்றால் எங்கேயோ பிடி விட்டிருக்கிறது. காலையில் வீட்டை நோக்கித் திரும்பி வருகையில் ஓடைப் பாலத்துக்கு அருகே தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ்பிளேட்டை அவர் தட்டும் ஓசை அடுப்பங்கரை வரையில் கேட்கும். அது காதில் விழுந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல், கொதிக்கிற தண்ணீரில் இன்னும் ஒரு டம்ளர் கூட்டி ஊற்றுவாள். மழைநாளில் அந்த ஓசை வருவதற்கு நேரமாகிவிட்டால், அடுப்பு எரிவதைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் பள்ளிக்கூடத்து மணியும் ஒரு தண்டவாளத் துண்டுதான். வேப்பமரக் கிளையில் தொங்கும். அந்தக் காலத்தில் தெற்கே ரயில் போகிற ஊர்கள் பலவற்றில் பள்ளிக்கூடத்துக்கும் ஸ்டேஷனுக்கும் அதுவே மணி. வெண்கல மணிக்கு இல்லாத ஒரு குணம் அந்த இரும்புக்கு உண்டு. அது அதட்டாது, அழைக்கும்.

அப்பா தம்முடைய வேலையைப் பற்றி வீட்டில் வாய் திறந்து பேசியவரல்லர். கழுதுருட்டியில் ஓடைக்கு மேலே நிற்கும் பதின்மூன்று கண் பாலத்தை ஒரு தடவை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கருங்கல்லை வளைவு வளைவாக அடுக்கிக் கட்டிய அந்தப் பாலத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து நான் பிரமித்தபோது, அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “ஏல, மேல போற வண்டிய எல்லாரும் பாப்பாவ, நீ கீழ இருக்கிற கல்லப் பாரு.” அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. நான் படித்து, பட்டணம் போய், இந்தத் தேசத்துக்கு வந்து சேர்ந்த எண்பதுகளின் கடைசி வரையில் அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றி நான் அறிந்தது, ஒரு காக்கிச் சட்டையும் ஒரு சுத்தியல் ஓசையும்தான். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

வந்த புதிதில், இங்கே இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, டாண்டினாங் மலையடியில் உள்ள பெல்கிரேவுக்குப் போனோம். குழந்தைகளுக்குப் பஃபிங் பில்லி என்னும் நீராவி வண்டியைக் காட்டவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்டேஷனை அடைவதற்கு முன்பே, மழையில் நனைந்த யூகலிப்டஸ் இலைகளின் வாசனைக்கு நடுவே, நிலக்கரிப் புகையும் சூடான எண்ணெயும் ஈர நீராவியும் கலந்த அந்த மணம் வந்து என் முகத்தில் மோதியது. கூட வந்தவர்கள் டிக்கெட் வாங்கப் போனார்கள். நான் மட்டும் நகர முடியாமல் நின்றுவிட்டேன்.

வண்டி ஊரைவிட்டுப் புறப்பட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் மன்பல்க் ஓடையின் மேல் ஒரு மரப்பாலம் வருகிறது. 1899-இல் கட்டியது, ஏறக்குறைய தொண்ணூறு மீட்டர் நீளம், பதின்மூன்று மீட்டர் உயரம், முழுவதும் மரக்கால்கள். வளைந்து செல்லும் அந்தப் பாலத்தின் மீது, ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டபடி குழந்தைகளும் கிழவர்களும் கைவீசிக்கொண்டு போகையில், கீழே சாலையில் மோட்டார்களை நிறுத்திவிட்டு ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே போகிற வண்டியைத்தான் பார்த்தார்கள். எனக்கு அப்பா சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. பாலத்தின் கால்களை எட்டிப் பார்த்தேன். கறுத்துப்போன பழங்கால்களுக்கு இடையே, நேற்று வைத்ததுபோல் வெளிறிய மரக்கால் ஒன்றும், அதைப் பிணைத்த புதிய போல்ட்டுகளும் தெரிந்தன.

மென்ஸீஸ் கிரீக் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது கார்டு உடுப்பு அணிந்திருந்த ஒரு முதியவரிடம் அந்தக் கால்களைப் பற்றி விசாரித்தேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் கேள்விக்காகவே பல வருஷம் காத்திருந்தவர் போல் இருந்தது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். இங்கே சம்பளமில்லாத ஊழியம். இந்தப் பாதையின் சரித்திரத்தை முதன்முதலில் அவர் வாயிலாகத்தான் கேட்டேன்.

1890-களில் விக்டோரியாவில் பெரும் பணமுடை. மலைநாட்டுக் குடியானவர்களுக்கு ரயில் வேண்டும்; அகலப்பாதை போட அரசாங்கத்திடம் பணமில்லை. ஆகவே, இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர் அகலத்தில் சிறுபாதைகள் நான்கு போட்டார்கள். முப்பது அடிக்கு ஓரடி ஏறலாம். நாற்பது மீட்டர் ஆரத்திலும் வளையலாம். மலையை வெட்டாமல் மலையோடு ஒட்டிக்கொண்டே போகலாம். (நம்முடைய கால்கா–சிம்லா பாதைக்கும் அதே அகலந்தான், அது 1903.) அந்த நான்கில் ஒன்று, 1900 டிசம்பரில் திறந்த ஜெம்புரூக் பாதை. உருளைக்கிழங்கும் அறுத்த மரமும், எமரால்டில் நொபீலியஸ் என்னும் சுவீடன்காரர் வளர்த்த நாற்றுப் பண்ணையின் கன்றுகளும் அதில் இறங்கின. பிறகு லாரிகள் வந்தன. 1953-இல் மலை சரிந்து பாதையை மூடியது. அடுத்த வருஷம் பாதையையே மூடிவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை. 1955-இல் ஒரு சங்கம் கூட்டினார்கள். சரிந்த இடத்தைச் சுற்றி ராணுவத் தொண்டர்கள் புதுத்தடம் வெட்டிக் கொடுக்க, 1962-இல் மென்ஸீஸ் கிரீக் வரையில் வண்டி வந்தது. 1965-இல் எமரால்டு, 1975-இல் லேக்ஸைடு. “அதற்கு அப்பால் ஜெம்புரூக் வரையில் இன்னும் பாக்கி இருக்கிறது” என்று சொல்லி, என் கைகளை ஒரு பார்வை பார்த்து, “சனிக்கிழமைகளில் உமக்கு என்ன வேலை?” என்று கேட்டார்.

இப்படித்தான், ஆபீஸில் கணக்கெழுதும் நான், நாற்பதை நெருங்கிய வயதில் கேங்மேன் ஆனேன். இந்த நாட்டில் அவர்களுக்கு ஃபெட்லர் என்று பெயர். எங்கள் கோஷ்டியில் ஒரு பல் டாக்டர், ஒரு ரொட்டிக் கடைக்காரர், இரண்டு கல்லூரி மாணவர்கள், நிஜமாகவே ரயில்வேயில் ஆயுள் முழுவதும் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் ஆகியோர் இருந்தார்கள். அந்தப் பெரியவர்தான் எங்களுக்கு மேஸ்திரி. முதல் நாள் எமரால்டு யார்டில் ஒரு பழைய கட்டையை எடுத்துவிட்டுப் புதுக்கட்டை போடும் வேலை. தூரத்திலிருந்து பார்த்தால் அது என்ன பிரமாதம் என்றுதான் தோன்றும். முதலில் கட்டையின் இருபுறமும் உள்ள ஜல்லியைத் தோண்டி ஒதுக்கவேண்டும்; வெறும் கையால் பிறாண்டினால் வராத அளவுக்கு அது மண்ணோடு இறுகியிருக்கும். அப்புறம் ஆணிகளைக் கடப்பாரையால் நெம்பிப் பிடுங்கவேண்டும். உளுத்த கட்டை பக்கவாட்டில் வழுக்கி வெளியே வரும்போது, ஈரமண்ணும் பழைய எண்ணெயும் காளானும் கலந்த ஒரு நெடி அடிக்கும். அப்பாவின் காக்கிச் சட்டையில் இருந்த நெடி அதுதான் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அம்மா எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் அது போனதில்லை.

புதுக்கட்டையை உள்ளே செலுத்தி, அளவுகோலை வைத்து 762 சரியாக இருக்கிறதா என்று பார்த்து, துளையிட்டு, ஆணி அடிக்கவேண்டும். நான் அடித்த மூன்றாவது ஆணி சாய்ந்து இறங்கி, கட்டையை நீளவாட்டில் பிளந்துவிட்டது. நல்ல செங்கட்டை, ஓர் ஆள் தனியே தூக்க முடியாத கனம். மேஸ்திரி கோபிக்கவில்லை. பிளவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சுத்தியலைக் கையால் இறக்காதே, இடுப்பால் இறக்கு, இரும்பின் கனமே ஆணியை அடிக்கட்டும்” என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு, ஆணியின் தலையை மெல்லத் தட்டி, தலையைச் சாய்த்து, ஓசையைக் கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்னொன்றும் செய்வார். கட்டைகள் மாற்றி, ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, ஜல்லி இடித்து முடித்தபின், தொப்பியைக் கழற்றிவிட்டு மண்ணில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளப் பார்ப்பார். தூரத்தில் நிற்கும் எங்களுக்குக் கையால் சைகை காட்டுவார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும். அந்த மாதிரி ஒரு மனுஷன் படுத்திருப்பதை நான் சிறுவயதில் பகவதிபுரத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பா களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார் என்று எண்ணியிருந்தேன்.

ஜெம்புரூக் பாதையில் அந்தச் சில வருஷங்களைத்தான் என் வாழ்க்கையின் சிறந்த காலம் என்று சொல்லுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் வண்டி போகாத வழி. முட்புதர் மண்டியிருந்தது. ஆளுயரப் பெரணி மரங்கள் நிழலிட்ட வெட்டுகளில், வேலைக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, லைர் என்னும் பறவை காட்டுக்குள்ளிருந்து மற்றப் பறவைகளின் குரல்களை எல்லாம் வரிசையாகப் பாடிக்காட்டும். மாலையில் எல்லோரும் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்போம். காலையில் இருந்ததைவிட இத்தனை கஜம் அதிகம். 1998 அக்டோபரில் ஜெம்புரூக்கில் முதல் வண்டி நுழைந்தபோது, பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி வண்டியைப் பார்க்கவேயில்லை. சக்கரம் ஏறும்போது தண்டவாளம் எவ்வளவு அமுங்கி எழுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை வேலை இல்லாத மழைநாட்களில் கொட்டகை வேலை. பழைய ரயில்வேக் கட்டடம் என்றவுடன் கோபுரமும் தூணும் நினைவுக்கு வரக்கூடாது. இந்த மலைப்பாதையில் இருந்தவை நெளிதகரமும் பலகையும் கொண்ட சின்னஞ்சிறு கொட்டகைகள். அவற்றைப் பழுதுபார்க்கும் முறையைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட ஆச்சரியத்தைச் சொல்லவேண்டும். ஒரு பலகையைக் கழற்றுமுன் அதன் பின்புறம் சாக்குக்கட்டியால் இலக்கம் எழுதுவார்கள். பெயின்டைச் சுரண்டும்போது ஒரு மூலையில் ஒரு சாண் இடத்தை மட்டும் படிப்படியாக, பழுப்பு, அதன் கீழே பச்சை, அதன் கீழே மங்கின மஞ்சள் என்று அடுக்கடுக்காக விட்டுவைத்து, எது ஆதி வர்ணம் என்று தீர்மானிப்பார்கள். பலகையில் பாதி உளுத்திருந்தால் பாதியை மட்டும் வெட்டி, அதே ஜாதி மரத்தில் ஒட்டுப் போடுவார்கள். புதுப்பலகை வாங்குவது அதைவிட மலிவு. ஆனாலும், நூறு வருஷத்துக்கு முன் ஒரு தச்சன் இழைப்புளி ஓட்டிய தடம் அந்தப் பாதிப் பலகையில் இருக்கிறதே என்பார்கள்.

அப்போதெல்லாம் நம் கோயில் திருப்பணிகள் என் நினைவில் வந்துகொண்டே இருக்கும். ஜீர்ணோத்தாரணம் என்பது நமக்குப் புதிய விஷயமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழுதுபார்த்துக் கும்பாபிஷேகம் செய்யவேண்டும் என்று விதித்தவர்கள் நம் முன்னோர். ஆனால், எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில், சுண்ணாம்புப் பூச்சை அகற்றுகிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்தூண்களைச் சுத்தம் செய்ததில், சிற்பங்களின் விரல்களும் மூக்கும் மழுங்கிப்போய், கல்வெட்டில் எழுத்திருந்த இடம் வழவழவென்று ஆனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயிரம் வருஷக் கல்லுக்கு நாம் காட்டாத சிரத்தையை, நூறு வருஷத் தகரக் கொட்டகைக்கு இவர்கள் காட்டுகிறார்கள். இது என் மனத்தில் ஆறாத புண்.

அம்மா காலமான மறுவருஷம் அப்பாவை மூன்று மாதத்துக்கு இங்கே வரவழைத்தேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; கண்பார்வை மங்கிவிட்டது; நடை மட்டும் கட்டை எண்ணுகிற அதே நடை. பஃபிங் பில்லியில் ஏற்றி உட்கார வைத்தேன். புகையின் மணம் பட்டதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வண்டி புறப்பட்டு, பக்கத்தில் இருந்த பிள்ளைகள் ஜன்னல் விளிம்பில் ஏறிக் காலை வெளியே தொங்கவிட்டதுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டார். “ஏல, காலை உள்ள இழுக்கச் சொல்லுல! வெட்டுக்குள்ள போகும்போது பாறை இடிச்சிறாதா?” என்று பதறினார். இங்கே அதுதான் வழக்கம் என்று எவ்வளவு சமாதானம் சொல்லியும், வண்டி நிற்கும் வரையில் அவர் பார்வை அந்தக் கால்களைவிட்டு அகலவில்லை. (2018-இல் ஒரு கடவுப்பாதையில் வண்டியும் ஒரு சிறு பஸ்ஸும் மோதியதை அடுத்து, அந்த வழக்கத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். அப்போது அப்பா உயிரோடு இல்லை.)

எங்கள் கோஷ்டியில் யாருக்கும் சம்பளம் கிடையாது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. “சோத்துக்கு என்ன செய்தாவ?” என்று கேட்டார். சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ராத்திரி மழைக்கு யாரு நடக்கா?” என்றார். இங்கே ராத்திரியில் வண்டி அநேகமாக இல்லை, ஆகையால் அந்த ரோந்தும் இல்லை என்று சொன்னபோது, அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்று இரவுதான், என் வாழ்நாளில் முதல்தடவையாக, அவர் தம் வேலையைப் பற்றிப் பேசினார். சாரல் காலத்தில் கையில் அரிக்கன் விளக்கோடு பாறைவெட்டுகளில் நடந்ததை, குகைக்குள் தண்ணீர் சொட்டும் ஓசைக்கும் மண் உதிரும் ஓசைக்கும் உள்ள வித்தியாசத்தை, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ரோந்துக்காரனின் விளக்கைக் காணும் வரையில் நெஞ்சு அடித்துக்கொள்வதை எல்லாம் சொன்னார். “மலை விழுகதுக்கு முந்தி வாசனை வரும்ல. பச்சை மண்ணு வாசனை. அப்ப நின்னுரணும்” என்றார். 1953-இல் இங்கே சரிந்த மலையைப் பற்றி நான் சொன்னதற்குத்தான் அந்தப் பதில்.

மறு சனிக்கிழமை அவரையும் எமரால்டு யார்டுக்கு அழைத்துப் போனேன். வண்டி போகாத ஒரு பக்கத் தண்டவாளத்தில் அன்று ஜல்லி இடிக்கும் வேலை. யந்திரம் இருந்தாலும், எங்கள் மேஸ்திரிக்குப் பீட்டர் என்னும் கைக்கருவியால் இடிப்பதில்தான் நம்பிக்கை. அப்பா ஓரமாக நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு என்னை ஒன்றும் கேட்காமல், என் கையிலிருந்த பீட்டரை வாங்கிக்கொண்டு போய், மேஸ்திரிக்கு எதிரே, கட்டையின் மறுபுறத்தில், குறுக்குக்கோணமாக நின்றுவிட்டார். ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம் எதிரெதிராக நின்று தண்டவாளத்தின் அடிக்கு நேராகக் கல்லைச் செலுத்தினால்தான் கட்டை இரண்டு பக்கமும் சமமாக உட்காரும். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஓர் ஆரஞ்சு மேலங்கியைக் கொண்டுவந்து மாட்டிவிடச் சொன்னார். அவ்வளவுதான், இருவரும் ஆரம்பித்தார்கள். இவர் பீட்டர் எழும்போது அவருடையது இறங்கும். அவருடையது எழும்போது இவருடையது இறங்கும். மூன்றாவது கட்டையில் அப்பா மெதுவாக “ஐலசா” என்று குரல் கொடுக்கத் தொடங்கினார். ஐந்தாவது கட்டையில் மேஸ்திரியும் தம் தாளத்தை அந்தக் குரலுக்கு ஒப்புவித்துவிட்டார். ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. மற்றவருக்குத் தமிழ் தெரியாது. ஆறு கட்டை முடிந்ததும், அப்பா சுத்தியலை வாங்கி ஒவ்வோர் ஆணியாகத் தட்டிக்கொண்டே போனார். மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தார். ஓரிடத்தில் இருவரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். எனக்கு அந்த ஓசையில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பி ஆறு வருஷம் இருந்தார். 2010-இல் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் நின்றதை அவர் காணவில்லை. 2018-இல் அகலப்பாதையில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு நான் ஒருமுறை போனேன். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் இல்லை. கட்டைகள் எல்லாம் கான்கிரீட். தண்டவாளத்தை நெடுநீளத்துக்குப் பற்றவைத்துவிட்டதால் பழைய ‘டடக் டடக்’கும் இல்லை. பதின்மூன்று கண் பாலத்தை மட்டும் இடிக்காமல், உள்ளுக்குக் கான்கிரீட்டால் பலம் சேர்த்து, அதன் மேலேயே பெரிய வண்டியை ஓட்டுகிறார்கள். அதைச் செய்தவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன். பாலத்தின் கீழே நின்று கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சாரலில் குளிர்ந்திருந்தது.

அதுபோன்ற கல்பாலங்களை இந்த நாட்டிலும் பார்த்தேன்; சிட்னிக்கு மேற்கே லித்கோவில் உள்ள ஸிக்ஸாக் பாதையை உறவினர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். ஜான் விட்டன் என்னும் எஞ்சினீயர் 1869-இல் முடித்தது. மலைச்சரிவில் வண்டி ‘இஸட்’ எழுத்தைப்போல முன்னும் பின்னுமாகப் போய் இறங்குவதற்காக மணற்கல்லில் மூன்று வளைவுப் பாலங்கள் கட்டினார்கள். பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர்காட்டில் அதற்குச் சில வருஷம் முன்பே இதே உபாயத்தைக் கையாண்டிருந்தார்கள். 1910-இல் குகைகள் வெட்டிப் புதுவழி வந்ததும் இது கைவிடப்பட்டது, 1975-இல் தொண்டர்கள் உயிர்ப்பித்தார்கள், 2012-இல் நின்றது, 2013-இல் காட்டுத்தீ, 2019-இல் மறுபடியும் காட்டுத்தீ. நான் போனது இரண்டாவது தீக்குப் பிறகு. கரியாகிப்போன கட்டடச் சிதைவுகளுக்கு நடுவே மூன்று பாலங்களும் ஒரு குறையுமின்றி வெயிலில் நின்றன. ஒரு பெண்மணியும் அவள் மகனும், எரிந்த இடத்தில் எஞ்சிய ஆணிகளைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாளி முக்கால் வாளி நிறைந்திருந்தது. 2023 மே மாதத்தில் அங்கே மறுபடியும் வண்டி ஓடியது என்று கேள்விப்பட்டபோது எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வந்தது.

என் முழங்கால் இடம் கொடுக்காமல் நான் கோஷ்டியிலிருந்து விலகிய நாளில், யார்டில் மாற்றிய தண்டவாளத்தில் தேய்ந்த ஒரு துண்டை அறுத்து, ஓரம் மழுக்கி, துளையிட்டுக் கொடுத்தார்கள். மேஸ்திரி அப்போது இல்லை. அவருடைய பொறுப்புக்குப் பல் டாக்டர் வந்திருந்தார். எத்தனை நீளத்தில் அறுத்தால் நாதம் நன்றாக வரும் என்று இரண்டு மூன்று துண்டுகளை அறுத்துத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம்.

சென்ற ஞாயிறு தட்டிவிட்டு உள்ளே ஓடிவராமல், பேரன் தூறலிலேயே நின்று, கட்டிய கம்பியைத் தூக்கிப் பார்த்து, மறுபடியும் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே, அடுப்பில் கொதிக்கத் தொடங்கிய தண்ணீரில் நான் இன்னும் ஒரு டம்ளர் கூட்டி ஊற்றினேன்.